நிகோராவின் குதிகால்

கள்ளக்குறிச்சியில் நான் பிசியோதெரபி கிளினிக் நடத்திய காலத்தில், பாலே நடனம் ஆடும் பெண் ஒருத்தி பேஷன்டாக வருவாள் என்று நினைத்ததே இல்லை. நிகோரா தஜிகிஸ்தான்காரி. சின்ன வயதிலேயே மலைக்கிராமத்தை விட்டு தலைநகர் துஷான்பேக்குப் போய் பாலே படித்து, அங்கேயே ஒரு நடன அரங்கில் ஆடியவள். அங்கே டாக்டருக்குப் படித்த, எங்கள் பக்கத்து ஊரான வடக்கனந்தல் பையனைக் கட்டிக்கொண்டாள். லீவில் மாமியார் வீட்டுக்கு வந்தவள் கல்வராயன் மலை அருவிப் பாறையில் சறுக்கியதில், குதிகால் டெண்டன், அதாவது தசைநாண், அறுந்துபோயிற்று. ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்ததும் என்னிடம் வந்தாள்.

மாமியார் ஆரோக்கியமேரி முதல் நாளே சொல்லிவிட்டார்: "நடந்தா போதும் மேடம். ஆட்டமெல்லாம் இன்னாத்துக்கு?"

மாமியாரிடம் கற்ற தமிழிலேயே நிகோரா பதில் சொன்னாள்: "இல்லீங்க அத்தெ. எனக்கு ஆடணும்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. கெண்டைக்கால் மசில் வற்றிக் கிடந்தது. ஹீல் ரெய்ஸ், அதாவது ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்குவது, அவளால் முடியவில்லை. நுனிவிரலில் நின்றே வளர்ந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா," என்றாள்.

ஒருநாள் வீட்டில் தானாகக் குதித்துப் பார்த்து, வீங்கிய காலோடு வந்து நின்றாள்.

"மறுபடி அறுந்தா நடக்கவே முடியாதும்மா!" என்று கத்தினேன்.

ஆரோக்கியமேரி குறுக்கே வந்தார். "திட்டாதீங்க மேடம். இன்னா செய்யணும், இன்னா செய்யக்கூடாதுன்னு எனக்குச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

அதன்பின் கரும்பு வெட்டக் கிளம்புவதற்கு முன் தினமும் மருமகளை நிற்கவைத்து, "ஏறு... மெதுவா எறங்கு," என்று அவரே பயிற்சி கொடுத்தார்.

மறுவருடம் நிகோரா கணவனோடு துஷான்பே திரும்பினாள். அவளுக்கு வரவிருந்த பெரிய வேடம் வேறொருத்திக்குப் போயிருந்தது. கடைசி வரிசையில்தான் இடம். சேர்ந்துகொண்டாள்.

ஒரு மதியம் ஆரோக்கியமேரி, மருமகள் ஆடும் வீடியோ ஓடிய போனை நீட்டியபடி கிளினிக்குக்குள் வந்தார். "அதோ, பின்னால. பாத்துக்கினே இருங்க, இப்ப குதிப்பா."

குதித்தாள். அந்தக் காலில்தான் இறங்கினாள். நான் கணுக்காலையே பார்த்தேன், தள்ளாடவில்லை.

"மூஞ்சியப் பாருங்க மேடம்," என்றார் ஆரோக்கியமேரி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன், இந்தக் காலால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். கரும்பு வெட்டுகிறவருக்குத் தேவையான கால் வேறு, மலையேறிப் பாடம் நடத்தப் போகும் டீச்சருக்கு வேறு. கேட்டுவிட்டு, கூட வந்தவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். வீட்டில் பக்கத்தில் நிற்கப்போவது அவர்தான்.