ஈப்புலிக்குத் தரம் பிரித்த அப்பா

வலை கட்டாமல், ஈயைக் கண்ட மாத்திரத்தில் பாய்ந்து பிடிக்கும் சிறு எட்டுக்கால் பூச்சிக்கு ஈப்புலி என்று பெயர். ஐம்பதுகளில் மதுரைக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த நான், விடுமுறைக்கெல்லாம் சொந்த ஊரான போடிக்கு வந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளை பூக்கூடையோடு திரிந்தால் கேட்க ஆளில்லை. பூச்சிக் குப்பியோடு திரிந்தால் தெருவே கேட்கும். கேட்டது.

எந்த வகை ஈப்புலி அடிவாரத்தில் வாழ்கிறது, எது மலையேறுகிறது, எது மலைமேல் போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் மட்டும் இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதுதான் என் வேலை. ஒவ்வொரு குப்பியிலும் ஸ்பிரிட், பூச்சி, பிடித்த இடம் எழுதிய ஒரு சீட்டு. சேகரிப்பு நன்றாக இருந்தால் மெட்ராஸில் மேல்படிப்புக்குச் சிபாரிசு செய்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஏலக்காய் மண்டி வைத்திருந்த அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

“பூச்சி பிடிக்க மெட்ராஸ் எதுக்கு ஆத்தா? நம்ம குடோன்ல இல்லாத பூச்சியா?” என்பார்.

மதுரைக்குக் கிளம்ப வேண்டிய வாரம் அது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் குப்பிகள் மண்டி மேசையில் பளபளவென்று நின்றன. எண்ணிக்கை மட்டும் பாதியாகியிருந்தது. அப்பா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“கன்னாபின்னான்னு கெடந்துச்சு. காய் பொறுக்குற பிள்ளைகள உக்கார வச்சுத் தரம் பிரிச்சுட்டேன். இது பெருசு, இது நடுத்தரம், இது பொடி. கால் ஒடிஞ்சதெல்லாம் கழிவு.”

“சீட்டு எங்கப்பா?”

“சரக்குல காகிதக் குப்பை கெடக்கலாமா? எடுத்துப் போட்டுட்டேன்.”

மண்டியில் அதுதான் வழக்கம். எத்தனை தோட்டத்துச் சரக்கு வந்தாலும் கொட்டிக் கலந்து, பருமனும் நிறமும் பார்த்துப் பிரித்துவிட்டால், எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஈப்புலியில் ஆணும் பெண்ணுமே வேறு வேறு நிறத்தில் இருக்கும். கணவனை ஒரு குப்பியிலும் மனைவியை இன்னொன்றிலும் பிள்ளைகளைப் பொடியிலும் போட்டிருந்தார். அதையாவது உருப்பெருக்கியில் கண் வரிசையைப் பார்த்துத் திரும்பச் சேர்த்துவிடலாம். பிடித்த இடத்தை எந்தக் கண்ணாடியில் பார்ப்பது? கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆசையாகச் செய்தவரை என்ன செய்ய? உட்கார்ந்து அழுதேன்.

நான் அழுதால் அப்பாவுக்குத் தாங்காது. சீட்டு எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, “ஜீப்பை எடுக்கச் சொல்றேன். வெரசாக் கெளம்பு” என்றார்.

அடிவாரத்தில் தொடங்கி வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்தினோம். செடிக்கடியில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினால் பூச்சி குடைக்குள் விழும். தட்டியது நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடை பிடித்தவர் போடியின் பெரிய ஏல வியாபாரி. விழுந்த ஈப்புலி அவர் மூக்குக்குத் தாவும். அவர் பள்ளத்துப் பக்கம் தாவுவார். போடிமெட்டில் தோட்டத்து ஆள் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “எந்தா மொதலாளி, இங்க மழை கீழேருந்தா பெய்யுது?” என்று கேட்டார். அப்பா குடையை இறக்கவே இல்லை.

ஒவ்வொரு குப்பிக்கும் சீட்டை அவரே கேட்டு வாங்கிப் போட்டார். ஊர் திரும்பியதும் ஒரு தகராறு. போடிமெட்டில் மட்டுமே கிடைத்த பச்சை ஈப்புலி ஒன்று, எங்கள் குடோனில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. பிடித்த இடம் போடி என்று எழுதினேன்.

“தப்பு. அது லோடுல வந்தது. அதோட ஊரு மெட்டு” என்றார் அப்பா.

“பிடிச்ச எடத்தத்தான் எழுதணும்ப்பா.”

“எங்க பிடிச்சா என்ன? வந்த ஊரு மாறிருமா?”

இரண்டையும் எழுதிய பிறகுதான் விட்டார். பேராசிரியருக்கு அந்தக் குப்பிதான் மிகவும் பிடித்தது. சிபாரிசும் மெட்ராஸில் இடமும் கிடைத்தன. அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. என் பெட்டியை மட்டும் ஒரு நாள் மண்டிக்குத் தூக்கிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து, துணி சுற்றி வைத்தார்.

மெட்ராஸ் விடுதியில் துணியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். மூடி முழுக்க, ஏலக்காய்ச் சாக்குக்கு முத்திரை போடும் கறுப்பு மையால், போடிநாயக்கனூர் என்று பதித்திருந்தார். அறைத்தோழிகள் இது என்ன ரகம், என்ன எடை என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீட்டாக ஒட்டினால் யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.