காருக்கடியில் கேட்ட கேசட்

வீட்டில் டேப் ரெக்கோடர் வைத்திருக்கும் சகோதரிகளே... தயவு செய்து அதை வாசலுக்குக் கொண்டு போகாதீர்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

என் கணவர் ரியாத்தில் இருக்கிறார் என்பது பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். கடிதம் எழுத அவருக்குச் சோம்பல். கேசட்டில் பேசி, லீவில் வரும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். நானும் அப்படியே பதில் அனுப்புவேன். கல்முனையில் ஆள் வெளிநாடு போன வீடுகளில் எல்லாம் இப்போது இப்படித்தான் குடும்பம் நடக்கிறது.

போன முறை வந்தபோது அவர் ஒரு ஜப்பான் கார் வாங்கி விட்டுப் போனார். புதுப்பித்து விற்கிறார்களே, அந்த வகை. கொஞ்ச நாளாக அதற்கு மூச்சு முட்டியது. கறுப்புப் புகை... மேட்டில் ஏற மறுத்தது. கேசட்டில் சொல்லி அனுப்பினேன். அவர் அங்கே ஒரு கராஜில் விசாரித்திருக்கிறார். சைலன்சர் குழாயில் ஒக்சிஜன் சென்சர் என்று ஒன்று இருக்கிறதாம். புகையை மோந்து பார்த்து எஞ்சினுக்குச் செய்தி சொல்லும் மூக்கு அது. நம் பெற்றோலில் உள்ள ஈயம் அந்த மூக்கை அடைத்துவிட்டதாம். புதுச் சென்சரும், பழையதைக் கழற்றும் விதம் பேசிய கேசட்டும் வியாழன் பின்னேரம் வந்து சேர்ந்தன. கேசட்டின் ஆரம்பத்தை மட்டும் கேட்டேன். சலாம், சுகம், கார். போதும் என்று நிறுத்திவிட்டு ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

வந்தவர் இப்றாலெவ்வை மச்சான். என் தாய்மாமாவின் மகன்; எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மச்சி. மெயின் றோட்டில் புதிதாகக் கராஜ் போட்டிருக்கிறார். கராஜ் என்றால் நாலு கம்பும் தகரமும். என்னிடம் மட்டும் கூலி வாங்கமாட்டார்.

அவரைத் தேடிக்கொண்டு சம்மாந்துறையிலிருந்து ஒரு ஹாஜியாரும் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அரிசி ஆலைக்காரர். வெள்ளாமை வெட்டுக்கு முன் தன் ட்றெக்டர்களை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால் மச்சானின் கராஜ் நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால்? கம்பும் தகரமும்தான்.

"நீ ஒன்ட வேலையப் பாரு தம்பி. கை எப்படியெண்டு நானும் பாத்துக்கு இரிக்கன்" என்று கதிரையில் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்கட பத்திய விடாம வாசிக்கிற நான் மகள். நல்லாப் பகிடியா எழுதுறீங்க" என்றார். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

பழைய சென்சர் துருவேறி அசையவில்லை. காருக்கடியில் இருந்து மச்சானின் குரல் வந்தது.

"நல்லாக் கறள் புடிச்சிக் கிடக்கு மச்சி. அவரு என்ன சொல்லியிரிக்காரு? கேசட்டக் கொண்டு வந்து போடுங்க, கேட்டுக் கேட்டுச் செய்வம்."

கொண்டு வந்து, ஸ்டூலில் வைத்து, போட்டேன். என் கணவரின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. எஞ்சினை ஓடவிட்டுக் குழாய் நன்றாகச் சுட்ட பிறகு நிறுத்த வேண்டும். சூடு ஆறுவதற்குள் கழற்ற வேண்டும். வாய் திறந்த ஸ்பெனர் போட்டால் மூலை மழுங்கிவிடும், ரிங் ஸ்பெனர்தான் வேண்டும். வயரைக் கழற்றி ரிங்குக்குள்ளால் விட வேண்டும். ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் இளக்கி, எண்ணெய் விட்டு...

மச்சான் அப்படியே செய்தார். எஞ்சின் ஓடியது, சுட்டது, நின்றது. சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்பெனரில் இரண்டு கைகளையும் கொடுத்தார். நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். கேசட்டை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டோடு வெளியே வரும்போது என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச புள்ள, யாருக்கிட்டக் குடுத்தாலும் குடு, இப்றாலெவ்வைக்கிட்ட மட்டும் குடுத்திராத. நீதானே போன கேசட்டுல சொன்ன, அவன்ட கைபட்ட வண்டில ரெண்டு ஸ்க்ரூவாவது மிச்சம் வரும், மறுநாள் அது அவன்ட கராஜில வெலைக்கிரிக்குமெண்டு. சிரிச்சிச் சிரிச்சி எனக்கு வகுறு நொந்து போச்சு. ரூமில இரிக்கிற நம்மட ஊர்ப் பொடியனுகளுக்கும் போட்டுக் காட்டின. எல்லாரும் ஒன்ட கதைக்குத்தான் சிரிப்பு..."

நான் சொன்னேனா? சொன்னேன். அதே வார்த்தைகளில்தான் சொன்னேன். மச்சான் ஒருநாள் கார் பார்த்துவிட்டுப் போன பிறகு வாசலில் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. அந்த ஒரு ஸ்க்ரூவை வைத்துக் கட்டிய பகிடி. அது கடல் கடந்து போய், முன்பின் தெரியாத பொடியன்களைச் சிரிக்க வைத்துவிட்டு, என் வாசலுக்கே திரும்பி வந்து நின்றது.

கையில் தட்டு. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒருவழியாக ஓடிப்போய் கேசட்டை நிறுத்தியபோது என் கணவர் கருவாடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் எஞ்சின் சத்தமாவது இருந்திருக்கக் கூடாதா? காருக்கு வெளியே மச்சானின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. ஹாஜியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

'டக்' என்று ஒரு சத்தம். சென்சர் இளகிவிட்டது.

ஹாஜியார் எழுந்தார். நான் நீட்டிய கோப்பையை வாங்கி, குடிக்காமல் ஸ்டூலில் வைத்தார். "ட்றெக்டர் விசயம்... மறுகா கதைப்பம் தம்பி" என்றார். 'மறுகா' என்றால் பிறகு. எங்கள் பக்கத்தில் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மச்சான் வெளியே வந்தார். முகமெல்லாம் கரி.

"மச்சான், நான் சும்மா பகிடிக்கு..."

"தெரியும் மச்சி."

ஹாஜியாரின் கோப்பைக்குக் கீழிருந்த பீரிசை எடுத்தார். கழற்றி வைத்திருந்த நட்டு, வாசர், வயர் கிளிப், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதில் போட்டார். பீரிசோடு மீண்டும் காருக்கடியில் போனார். புதுச் சென்சரைப் பூட்டினார். ஸ்டார்ட் செய்தார். கார் வாங்கிய நாளில் ஓடியது போல ஓடியது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பீரிசை என் முன்னால் நீட்டினார்.

"பாருங்க மச்சி. ஒண்டும் மிச்சமில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். ஒரு வேலையை ஒப்படைப்பவர் போலத்தான் சொன்னார். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

ரியாத்துக்கு இன்னொரு கேசட் அனுப்பலாம். அனுப்பத்தான் போகிறேன். பொடியன்களுக்கும் போட்டுக் காட்டச் சொல்வேன். ஆனால் சம்மாந்துறைக்கு யார் போய்ச் சொல்வது? எனக்கு இருப்பது இந்தப் பத்தி ஒன்றுதான்.

ஹாஜியார், இந்த வாரமும் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த ஸ்க்ரூ என் தையல் மெஷினில் இருந்து விழுந்தது... கேசட்டை அனுப்புவதற்கு முன்பே எனக்கு அது தெரியும்.