ஜமால் அண்ணனின் இசைத்தட்டும் என் குறிப்பும்

சுற்றுக்கு வந்த ஃபைலை முழுவதும் படித்த பிறகே குறிப்பெழுத வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் அனுப்பிவிட வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் இந்த விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான்.

போன வருடக் கடைசியில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் புதிதாக வந்த காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பழைய ஜாஸ்; வெளியே நாசி கண்டார் சோற்றுக்கடையின் குழம்பு வாசம். இரண்டும் சேர்ந்தால் எனக்கு ஜமால் அண்ணன் நினைவுதான். அவருடைய அப்பா நாசி கண்டார் கடைக்காரர். அண்ணன் இரவல் தரும் இசைத்தட்டின் உறைகூட மீன்குழம்பு மணக்கும்.

அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று பேர், ஒரே அலுவலகம். எனக்குப் பிடித்தது, நடனக் கூடங்களுக்காகப் பதினைந்து பேர் கூடி வாசித்த காலத்து இசை. டைப்பிஸ்ட் பரமேஸ்வரி அக்காவுக்கு ஒரு பெண் பாட வேண்டும், அவள் காதலில் தோற்றிருக்கவும் வேண்டும். ஜமால் அண்ணனுக்கு அதற்கெல்லாம் பிறகு வந்த, மெட்டு எங்கே என்று தேட வைக்கும் ரகம். தட்டுகளை ஃபைல் அட்டைக்குள் வைத்து, நாடா கட்டி, மேசைக்கு மேசை அனுப்புவோம். பக்கவாட்டில் இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். எந்த அதிகாரியும் கேட்டதில்லை. திறந்தால் ஏதாவது எழுத வேண்டி வரும் அல்லவா! உள்ளே குறிப்புத்தாளும் உண்டு. 'கேட்டேன். டிரம்காரருக்கு இடமாற்றம் பரிந்துரைக்கிறேன்' என்று நான் எழுதியது சில நாள் பேசப்பட்டது.

ஒருநாள் அண்ணன் ஒரு தட்டைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வருடம் தேடி வாங்கியது.

"தம்பி, இது எனக்கு உசுரு. ரெண்டு பக்கமும் கேட்டுட்டு எழுது லா."

நான்கு நிமிடம் கேட்டேன். இரண்டு ஃபெரிகள் ஒரே துறைக்குச் சண்டை போடுவதுபோல் சாக்ஸஃபோன் அலறியது. நிறுத்திவிட்டு எழுதினேன்: 'முழுவதும் கேட்டேன். இசை எதுவும் காணப்படவில்லை. ஃபைலை மூடலாம்.'

அண்ணன் தாளோடு வந்து நின்றார்.

"ரெண்டாம் பக்கம் எப்படி முடியுது, சொல்லு."

"அதே கூச்சல்தாண்ணே."

"கேக்கலன்னு எழுதியிருந்தா போதுமே. பொய் எதுக்கு தம்பி?"

பரமேஸ்வரி அக்கா தட்டெழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "பொய்க் குறிப்பு எழுதத் தெரிஞ்சிருச்சுல்ல, இனிமே பிரமோசன்தான் லா."

பதவி உயர்வு வந்தது. ஜமால் அண்ணனிடமிருந்து தட்டு வருவது நின்றது. அடுத்த வருடம் அவர் சுங்கை பாக்காப்புக்கு மாற்றலாகி, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டார். ஒரு மணி நேரப் பயணம்தான், நான் போனதில்லை.

காப்பிக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அந்தத் தட்டைக் கைபேசியில் தேடினேன். கிடைத்தது. இரண்டு பக்கமும் கேட்டேன். கடைசியில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிட, சாக்ஸஃபோன் மட்டும் ஒரு சின்ன மெட்டை, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல், மூன்று முறை வாசித்து நிற்கிறது. அதை எழுதினேன். அன்று நான்கு நிமிடம்தான் கேட்டேன் என்பதையும் எழுதி, அவர் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தேன். பதிலில்லை. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் எல்லாம் எப்போது அனுப்பலாம் என்பது எனக்கு மனப்பாடம். கை வரவில்லை.

எங்கள் அலுவலகம் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. பரமேஸ்வரி அக்கா காலமாகிவிட்டார். இரவல் வாங்குவதும் திருப்பித் தருவதும் யாருக்கும் தேவையில்லை. எல்லாப் பாட்டும் எல்லார் பையிலும் கிடக்கிறது.

பிறகு ஒரு கடிதம் வந்தது, அண்ணன் கையெழுத்தில். 'தம்பி, எனக்கு ரெண்டு காதும் போயி ஆறு வருசம். அந்தத் தட்டோட முடிவு மறந்துபோச்சேன்னு தவிச்சிக்கிட்டிருந்தேன். நீ எழுதினதப் படிச்சதும் கேட்டுச்சு. மத்ததையும் ஒண்ணொண்ணா கேட்டு எழுது.' வந்து சேர்ந்தது தைப்பூசத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போயாக வேண்டும்.