டிரம்ஸ் ஏன் லேட்டாக வருகிறது

டிரம்ஸ் வாசிப்பவன் கையிலிருந்து குச்சி நழுவினால் டிரம்ஸ் நிற்க வேண்டும். உலக நியாயம் அது. என் குச்சி நழுவிப் பறந்து, மாப்பிள்ளையின் சித்தப்பா முன்னால் இருந்த போர்சோக் தட்டில் விழுந்தபோது டிரம்ஸ் நிற்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, சிதறிய அந்தப் பொரித்த மாவுத் துண்டுகளுக்கு நடுவே நான் குச்சியைத் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது அட்டகாசமாக முழங்கியது. யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். மறுநாள் காலை பிஷ்கெக்கில் நான் பிரபலம்.

எங்கள் குழுவில் மூன்று பேர். பெர்மெட் அக்கா பாடுவார். தாலய் கீபோர்டின் முன்னால் நிற்பான்; லேப்டாப்பில் பாட்டைத் தட்டிவிடுவதும் அவன் வேலை. என்னுடையது எலெக்ட்ரானிக் டிரம்ஸ். கறுப்பு ரப்பர் வட்டங்கள், பளபளக்கும் கம்பிகள், பார்க்க ஜோராக இருக்கும். டிரம்ஸ் சத்தம் பாட்டிலேயே பதிவாகி வந்துவிடும் என்பதால் என் வயரை எதிலும் செருகியதில்லை. தலையை ஆட்டுவது, முக்கியமான இடத்தில் கண்ணை மூடுவது, கடைசி அடிக்குக் குச்சியைச் சுழற்றுவது, இவைதான் என் சங்கீதம். வாரநாட்களில் தோர்தோய் சந்தையில் மனைவி ஐசுலுவோடு சாக்ஸ் விற்கிறேன். சனி, ஞாயிறுகளில் கலைஞன்.

திங்கட்கிழமை பெர்மெட் அக்கா எங்கள் சாக்ஸ் கடைக்கே வந்துவிட்டார். மிட்டாய்கூட வாங்கி வரவில்லை. அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"அடுத்த கல்யாணத்துக்காரங்க வீடியோவப் பாத்துட்டாங்கடா. நெஜமா வாசிச்சா வாங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

"வாசிச்சிரலாம் அக்கா. எனக்கென்ன, தெரியாததா?"

"தெரியுமா?"

அந்தக் கேள்வி கொஞ்சம் வலித்தது. இளவயதில் கலாசார மன்றத்தில் முறையாகக் கற்றுக்கொண்டவன் நான்.

"இந்தக் கல்யாணத்துல நீ வாசிச்சுக் காட்டு. முடியலன்னா நானும் தாலயும் லேப்டாப்பும் போதும். சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படாத." ஒரு ஜோடி கம்பளி சாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். காசு கொடுக்கவில்லை.

அன்று மாலையே டிரம்ஸை நேராக ஸ்பீக்கரில் செருகிப் பார்த்தோம். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டியது போல இருந்தது. தாலய்க்கு விஷயம் தெரியும். "அண்ணே, லேப்டாப்புக்குள்ள நல்ல டிரம்ஸ் சத்தம் இருக்கு. நீங்க தட்டுறது வயர் வழியா லேப்டாப்புக்குப் போகணும், அங்கேருந்து அந்தச் சத்தம் ஸ்பீக்கருக்கு வரணும். லேப்டாப்ல நேரா போட்டா லேட்டா வரும். நடுவுல ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு பெட்டி வேணும். சின்னதா, விலை கம்மியா ஒண்ணு போதும்."

சின்னதா, விலை கம்மியா என்று அவன் தெளிவாகத்தான் சொன்னான். நான் கடைக்குப் போய் எட்டுத் துளை வைத்த பெரிய பெட்டியை வாங்கி வந்தேன். அதில் குமிழ்கள் அதிகம். ஒவ்வொரு குமிழையும் சுற்றிப் பச்சை விளக்கு. இத்தனை டிரம்முக்கு இத்தனை துளை வேண்டாமா என்று என் கணக்கு. வீட்டுக்கு வந்து டிரம்ஸின் மூளையான கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், சத்தம் வெளியே வர அதில் இருப்பதே இரண்டு துளைதான், இடது ஒன்று, வலது ஒன்று. அதுவும் எனக்குத் தேவையில்லையாம். பக்கத்தில் பிரிண்டர் வயர் செருகுவது போல ஒரு சதுரத் துளை இருந்தது. அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர் போதும் என்றான் தாலய். இத்தனை வருஷம் கூடவே இருந்த பொருளின் முதுகை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் வித்தாலி சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "இதுல எட்டுப் பேரு ஒரே நேரத்துல பாடி ரெக்கார்டு பண்ணலாம். வீட்ல எத்தன பேரு பாடுறீங்க?"

"பொண்டாட்டி திட்டுவா. அது ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டு துளையே ஜாஸ்தி." இருப்பதிலேயே சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். ஒரே ஒரு விளக்கு. எனக்கு முகம் விழுந்துவிட்டது. விலையைப் பார்த்ததும் எழுந்துகொண்டது.

பெட்டியை மாட்டினோம். லேப்டாப்பிலிருந்து நிஜ டிரம்ஸின் சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாகவே சொல்கிறேன். பிறகு பாட்டை ஓடவிட்டு வாசித்தேன். டிரம்ஸ் லேட்டாக வந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு அடியும் பாட்டின் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தது.

மறுபடி வித்தாலி. பெட்டியைக் கடையிலிருந்த டிரம்ஸோடு மாட்டி அவரே தட்டிப் பார்த்தார். தட்டினால் உடனே வந்தது. "பெட்டி நல்லாத்தான் இருக்கு எர்கின்."

"உங்க கடைல நல்லா இருக்கு. என் வீட்டுக்கு வந்தா சோம்பேறி ஆயிடுது."

வயரை மாற்றினேன். லேப்டாப்பில் ஏதோ ஒரு எண்ணைக் குறைத்தால் வேகம் கூடும் என்று தாலய் சொன்னதால் குறைத்துக்கொண்டே போனேன், ஸ்பீக்கர் எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போலப் பொரியும் வரை. இணையத்தில் பெட்டிகளைப் பற்றி வாய் கிழியப் பேசும் ஆட்களை எல்லாம் கேட்டேன். சந்தையில் சாக்ஸ் கேட்டு வந்தவரிடம் தாமதத்தைப் பற்றி விளக்கினேன். அவர் எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

கல்யாணம் நெருங்கியது. இன்னும் விலை கூடிய பெட்டி வேண்டும் என்று ஐசுலுவிடம் பேச்செடுத்தேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எல்லா வயரையும் கழட்டு" என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டு."

கழற்றினேன். அவள் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுத் தன் போனில் பாட்டைப் போட்டாள். "இப்ப சும்மா ரப்பர்ல தட்டு. இத்தன நாள் மண்டபத்துல தட்டுன மாதிரியே தட்டு."

தட்டினேன். போனில் டம் என்று கேட்டது. அதற்கப்புறம் என் குச்சி தப் என்றது. டம், தப். டம், தப்.

"இப்ப நடுவுல பெட்டியே இல்லையே" என்றாள் ஐசுலு. "யாரு லேட்டு?"

இத்தனை வருஷமாக நான் செய்தது என்ன? பாட்டில் டிரம்ஸ் சத்தம் கேட்கும், கேட்டதும் குச்சியை இறக்குவேன். பார்ப்பவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். என் கைகள் அதைத்தான் பழகியிருந்தன. யாராவது அடித்த பிறகு அடிப்பது. வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் சிரித்த வீடியோவைப் பார்த்தபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

"மாவுக்குப் பக்கத்துல உக்காராத, போய்ப் பழகு" என்றாள்.

டிரம்ஸ் சத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு, பாட்டுகளைத் தாலய் தயார் பண்ணிக் கொடுத்தான். பின்தொடர ஆள் இல்லாததால் ஆரம்பத்தில் தடுமாறிப் போனேன். பாட்டு ஒரு தெருவில் போகும், நான் இன்னொரு தெருவில். போகப் போக ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்தேன். சின்னப் பெட்டி அதன் ஒற்றை விளக்கோடு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. இதன் மேல் பழி போட்டேனே என்று அதைத் துடைத்து வைத்தேன்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. வாழ்த்துப் பேச்சுகள் முடிந்து, குதிரை இறைச்சித் தட்டுகள் பாதி காலியாகி, முதல் ஆட்டத்துக்கு எல்லோரும் நடுவில் வந்து நின்றார்கள். தோளைக் குலுக்கி ஆடும் ஆட்டம். முன் வரிசையில் பலர் போனைத் தூக்கி வைத்திருந்தார்கள். என்னைத்தான் குறி வைத்திருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்பாடு இதுதான்: நான் நாலு தட்டு தட்டி ஆரம்பிக்க வேண்டும், நாலாவது தட்டில் தாலய் பாட்டைத் தட்டிவிடுவான்.

பெர்மெட் அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாலய் விரலைப் பொத்தான் மேல் வைத்திருந்தான். ஆட வந்தவர்கள் தோளைத் தயாராக வைத்திருந்தார்கள். மண்டபம் அமைதியானது. நானும் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். டிரம்ஸ் ஆரம்பிக்கட்டும், பிடித்துக்கொள்ளலாம் என்று.

நேரம் போனது. யாரோ இருமினார்கள். என்ன ஆச்சு, ஏன் டிரம்ஸ் வரவில்லை என்று எனக்கே எரிச்சல் வந்தது.

அப்போது பெர்மெட் அக்கா திரும்பினார். இத்தனை வருஷமாக ஒரே மேடையில் நிற்கிறோம், அவர் முதுகை மட்டும்தான் எனக்குத் தெரியும். பாட்டுக்கு நடுவில் என் பக்கம் திரும்ப அவருக்கு எந்த அவசியமும் இருந்ததில்லை.

மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "டேய், நீதான்டா அடிக்கணும்."

நாலு தட்டு தட்டினேன். மூன்றாவது கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. ஆட்டம் ஆரம்பித்தது.

தப்புகள் வந்தன. ஓர் இடத்தில் நான் முந்திவிட, மாப்பிள்ளையின் அத்தை கால் மாற்றி வைத்து என்னை முறைத்தார். பதிவில் வந்த டிரம்ஸை அவர் ஒருநாளும் முறைத்திருக்க மாட்டார்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதைத் தொடங்கும் முன் அக்கா மறுபடி என் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தி, காத்திருந்தார். இந்த முறை அவரை அதிக நேரம் நிற்க வைக்கவில்லை.