நிறுவ வேண்டியது

பதினோராம் வகுப்பில் எனக்கு விழுந்த முதல் பூஜ்யம் ஒரு திரிகோணமிதிக் கணக்குக்கு. சைன் தீட்டாவை ‘ஒன்று கூட்டல் காஸ் தீட்டா’வால் வகுத்தாலும், ‘ஒன்று கழித்தல் காஸ் தீட்டா’வை சைன் தீட்டாவால் வகுத்தாலும் ஒன்றுதான் என்று நிறுவ வேண்டும். நான் குறுக்காகப் பெருக்கினேன். இரண்டு பக்கமும் சைன் ஸ்கொயர் வந்தது. அடியில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். கணக்கு டீச்சர் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

“சரியாத்தானே டீச்சர் வந்திருக்கு?”

“சமமானு கேட்டா, சமம்னு வச்சுக்கிட்டே ஆரம்பிப்பியா? ஒரு பக்கத்த மட்டும் எடு. எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒண்ணுலேர்ந்து போ.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விடை வந்துவிட்டது, அப்புறம் என்ன வக்கணை என்று முணுமுணுத்தேன். வீட்டில் இடப்பக்கத்தை மட்டும் எடுத்து, மேலும் கீழும் ‘ஒன்று கழித்தல் காஸ் தீட்டா’வால் பெருக்கினேன். கீழே ஒன்று கழித்தல் காஸ் ஸ்கொயர், அதாவது சைன் ஸ்கொயர். மேலே ஒரு சைன், கீழே ஒரு சைன் அடிபட்டன. வலப்பக்கம் வந்துவிட்டது. புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆட்சி மாறி, குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. ஊருக்கு ஊர் சிவப்புக் கொடி, அறுப்புக்குப் போலீஸ் வேன். முள்ளியாற்று வாய்க்காலை ஒட்டி அப்பா இருபது வருஷமாக உழுத ஆறு மா நிலத்தை, ரெண்டு ஏக்கரை, தன் சொந்தச் சாகுபடி என்று மிராசுதார் சொல்லிவிட்டார். பெயர் பதிவானால் அப்பாவை யாரும் வெளியேற்ற முடியாது. ஆகாவிட்டால் நிற்கிற பயிர்கூட எங்களுக்கு இல்லை. மனுவை நான்தான் எழுதினேன். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

விசாரணையன்று அதிகாரி முதல் வரியை உரக்கப் படித்தார். ‘மேற்படி நிலத்தின் குத்தகைதாரராகிய நான்.’

“குத்தகைதாரரானு பாக்கத்தாம்மா கூப்பிட்டிருக்கோம். அதையே முதல் வரியில எழுதிட்டு வந்தா எப்படி?” என்று என்னிடம் கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். “ரசீது இருக்கா பெரியவரே?”

எங்கள் பக்கம் குத்தகை நெல்லைக் களத்திலேயே மரக்காலால் அளந்துவிடுவார்கள். ரசீது கேட்டால் மிராசுதாரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் யாரும் கேட்டதில்லை. 

“ஊருக்கே தெரியுங்க” என்றார் அப்பா.

சாட்சி சொல்ல ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்தால் அவரவர் நிலம் போகும். கணக்குப்பிள்ளை எழுதும் அடங்கல் பதிவேட்டில் அத்தனை வருஷமும் சாகுபடி செய்தவர் என்று மிராசுதார் பெயர்தான் இருந்தது. எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒன்று, தொடங்குவதற்கு, எங்களிடம் இல்லை. முதலில் அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை.

மனு தள்ளுபடியானது. வாசலில் மிராசுதாரின் காரியக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“கதிர் முத்திப்போச்சு. நாளைக்கே அந்த ஆறு மாவுல அறுப்பு வச்சிருக்கு. ஆள் பத்தல, நீயும் வந்துருப்பா. எல்லாருக்கும் உள்ள கூலிதான்.”

அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“எத்தன மணிக்குங்க வரணும்?” என்றார்.