சித்தி துடைக்கப் போன குழாய்

எந்தத் துணியையும் மடிப்பதற்கு முன் சித்தி அதை வெளிச்சத்துக்கு நேராக ஒருமுறை தூக்கிப் பிடிப்பாள். இரு கைகளையும் விரித்து, தலையைச் சற்றே சாய்த்து, துணிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். முன்பக்கம் ஏமாற்றிவிடும், கறை பின்பக்கமிருந்துதான் தெரியும் என்பது அவள் கட்சி. லாண்டரியில் விடுதிப் படுக்கை விரிப்புகளைப் பார்த்துப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. கை துடைக்க விருந்தாளியிடம் நீட்டிய துண்டைப் பாதியில் பிடுங்கிப் பார்த்தவள் அவள்.

சித்தப்பா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். "அக்கா வீட்டுல உக்காந்து சாப்பிடுறான்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது" என்பாள். அந்த லாண்டரி வேலையை அவள் அதற்காகத்தான் இறுகப் பிடித்திருந்தாள்.

ஊர்க் கால்வாயைச் சுத்தம் செய்யும் விழாவுக்குப் புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்று, அதை நடத்திய நூலகத்து அக்கா சொல்லியிருந்தார். காலையில் குப்பை அள்ளுவது, மாலையில் மைதானத்தில் திறந்தவெளிப் படங்கள். திரைக்கு லாண்டரி முதலாளி இரண்டு பழைய விரிப்புகள் கொடுத்தார். சித்தி அவற்றை ஒட்டுத் தெரியாமல் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கட்டவிட்டாள். முதலாளிக்கு முன்வரிசையில் நாற்காலி. கால்வாயில் மிதக்கும் நுரை யாருடைய குழாயிலிருந்து வருகிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். விரிப்பு கொடுத்த மனிதரிடம் அதை யார் கேட்பது?

இருட்டத் தொடங்கியதும் நூலகத்து அக்கா, தானே எடுத்த கால்வாய்ப் படத்தை ஓட்டினார். பெயர் இல்லை, இசை இல்லை. திரை முழுக்க வெண்மை. படம் இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது என்று சிலர் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகுதான் அந்த வெண்மை மெல்ல அசைவது தெரிந்தது. நுரை. அதன் நடுவே, சற்று இடப்பக்கமாக, கறுப்பாக ஒரு வட்டம்.

"குழாயைக் காட்டிட்டாங்கய்யா" என்றார் என் பக்கத்திலிருந்த சைக்கிள் கடைக்காரர். பேச்சு நின்றது. எல்லோரும் முதலாளியின் பின்னந்தலையைப் பார்த்தார்கள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சித்தி வேகமாக வந்தாள். கையில் ஈரத்துணி. நேராகப் போய் அந்தக் கறுப்பு வட்டத்தின்மேல் கையை வைத்தாள். அவள் நிழல் நுரைமேல் பெரிதாக விழுந்தது.

"படம் ஓடுதும்மா, நகரு" என்று யாரோ கத்தினார்கள்.

"கறை" என்றாள் சித்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

இரண்டு பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு போவதற்குள் காட்சி மாறிவிட்டது. அடர்ந்த மரங்கள், இருண்ட பச்சை. முதலாளி எழுந்து போய்விட்டார்.

"சோறு போடுறவர் குழாயை மறைக்கிறா பாரு, என்ன விசுவாசம்" என்றார் கடைக்காரர்.

"மறைக்கிறாளா? கையை வெச்சு அடையாளம் காட்டினா, அதுகூடப் புரியலையா உனக்கு?" என்றார் பின்னாலிருந்தவர்.

எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது, இரண்டும் தப்பாகவும் பட்டது.

மறுநாள் காலை விரிப்பைத் திருப்பிக் கொடுக்கச் சித்தியோடு நானும் போனேன். முதலாளி உட்காரச் சொல்லவில்லை.

"ஊரைக் கூட்டி வெச்சுக் காட்டிக் குடுத்துட்டே, இல்ல?"

"கறைங்க சார். கட்டின பிறகு ஏதோ பறவை எச்சம் போட்டிருக்கு. பழம் தின்ன பறவை, கருநீலமா இருந்துச்சு."

"எங்க, காட்டு."

சித்தி விரிப்பை உதறி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். ஒரு பொட்டுகூட இல்லை.

"எங்கம்மா கறை?"

சித்தி விரிப்பைச் சற்றுத் தாழ்த்தி எட்டிப் பார்த்தாள்.

"ராத்திரியே துவைச்சிட்டேன் சார். காஞ்சா போகாது."

"குழாய் மேலதான் கை வெச்சே."

"எந்தக் குழாய் சார்?"

நடிக்கிறாள் என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உன்னை இப்ப அனுப்பினா, குழாயைக் காட்டினதுக்குத்தான் அனுப்பிட்டான்னு பேசுவாங்க. போ, போய் வேலையைப் பாரு."

சித்தி என்னைப் பார்த்தாள். வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று அவளுக்கு விளங்கவில்லை. "இருக்கு சித்தி" என்றேன், மெதுவாக.

அந்த மாதமே லாண்டரிக்குப் பின்னால் பள்ளம் தோண்டி வடிகட்டும் தொட்டி கட்டினார்கள். நுரை குறைந்தது. தெருவில் பாதிப் பேர் அவளைத் தைரியசாலி என்றார்கள், மீதிப் பேர் முதலாளியின் ஆள் என்று பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டா, நீயும் பாத்தியா அந்தக் குழாயை?"

"பார்த்தேன் சித்தி."

"எப்படி இருந்துச்சு?"

வட்டமாக, கறுப்பாக, விளிம்பில் துருவோடு இருந்தது என்றேன். அவள் நம்பாமல் தலையசைத்தாள்.

வெகுநாள் கழித்து நூலகக் கணினியில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். முதல் காட்சியில் நுரை, வெறும் நுரை. முடியும்வரை பார்த்துவிட்டு, குழாய் வருகிற இடம் எங்கே என்று நூலகத்து அக்காவிடம் கேட்டேன்.

"அதை எடுக்கவே முடியலையே தம்பி" என்றார். "லாண்டரி பின்கேட் பூட்டியிருந்துச்சு. பாலத்து மேல நின்னு நுரையை மட்டும்தான் எடுத்தேன். படத்துல குழாயே கிடையாது."