தமையனாரின் அந்தியுணவு

எம் தமையனார் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர்தம் வாழ்வைச் சுருங்க எழுதுமாறு குடும்பத்தார் என்னைப் பணித்தனர். எழுத அமர்ந்தால், அவருடைய நற்பண்புகளுக்கு முன்னே, அவர் உடல்நலம் குறித்த தீராத ஐயமொன்று வந்து நிற்கிறது. அதனை மறையாது எழுதுகிறேன், உறவினர் பொறுத்தருள்க.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பிறந்தவர். நாங்கள் சிறுவராயிருந்தபோதே தந்தையார் மறைந்தார். தாம் பயின்றுகொண்டே என்னையும் பயிற்றித் தமிழாசிரியன் ஆக்கியவர் தமையனார். பின்னர் மலைமேலுள்ள செம்மேட்டில் அரசுப்பணி ஏற்றார். சமவெளி அலுவலர் பலர் மாறுதல் பெற்று இறங்கிவிட, இவரோ ஓய்வுபெறும்வரை அங்கேயே அறையெடுத்துத் தங்கி, ஞாயிறுதோறும் இல்லம் வந்து சென்றார். நீரிழிவு இருந்தது, ஆயினும் மலையில் இருந்தவரை அடங்கியே கிடந்தது.

ஓய்வுபெற்று இறங்கியபின் அது சீறி எழுந்தது. அதே மாத்திரை, அதே அளவுச் சோறு. வலக்கால் பெருவிரலில் தோன்றிய புண் ஆறவில்லை. விரலை அகற்ற நேரலாம் என்றார் மருத்துவ அம்மையார். நாங்கள் திகைத்தோம். மலையில் நலமாயிருந்தவர் இங்கே நலிவது ஏன்? மலைநீர் இல்லாமையே காரணம் எனத் துணிந்து, குடம்குடமாகப் பேருந்தில் இறக்கினோம். சாமையும் மிளகும் உடன் வந்தன.

“ஏனுங்கண்ணா, தண்ணி குடிச்சீங்களா?” என்று நாள்தோறும் கேட்பேன்.

“குடிச்சுக் குடிச்சு வவுத்துக்குள்ள ஆகாயகங்கை அருவியே கொட்டுதுடா!” என்பார்.

புண் மட்டும் அசையவில்லை. அடுத்த முறை சென்றபோது மருத்துவர் வேறொன்று கேட்டார். “மலையில ராத்திரி எப்பங்க சாப்பிடுவீங்க?”

“ராத்திரியா? பொழுது விழுகறதுக்குள்ள உண்டுபோட்டுப் படுத்துக்குவேனுங்க. மெஸ்ஸுல சமைக்கற அம்மா கடைசி பஸ்ஸப் புடிக்கோணும். அதுக்கு மேல போனா வெறும் சட்டிதானுங்க.”

“இப்ப?”

அண்ணியார் முந்திக்கொண்டார். “பையன் ஆபீஸ்ல இருந்து வாரதுக்கே வெகு நேரமாயிருமுங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் உண்போம். அவரை மட்டும் தனியா உண்ணுங்கன்னு சொல்ல மனசு வருமுங்களா?”

உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, பகலொளியும் உணவும் அதனை இயக்குகின்றன, இருட்டியபின் உண்டால் அதே சோறும் குருதியில் சர்க்கரையை மிகுவிக்கக்கூடும் என மருத்துவர் விளக்கினார். மாத்திரையையும் மாற்றினார், புண்ணுக்கும் தொடர்ந்து கட்டுப்போடச் செய்தார்.

அன்றுமுதல் தமையனார் அந்தியிலேயே உண்டார். அவரைத் தனியே விடாமல் அண்ணியாரும் உடனமர்ந்து உண்டார். “கோழி அடையறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் அடைஞ்சுக்கறீங்க!” என்று மகன் நகையாடுவான்.

மெல்லப் புண் ஆறியது, விரல் பிழைத்தது. பிழைப்பித்தது வேளையா, புது மாத்திரையா, கட்டா? மலைநீர்தான் காலந்தாழ்த்திப் பயன் தந்ததா? மருத்துவரிடமே கேட்டேன். “எல்லாம் சேர்ந்துதாங்க ஐயா. இதுதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது” என்றார். சொல்லை வேர்வரை பிரித்துப் பழகிய எனக்கு அவ்விடை போதவில்லை. மலையில் அவரைப் பல்லாண்டு காத்தது மருந்தா, ஒரு பேருந்தின் புறப்பாடா என்பதும் இன்றுவரை விளங்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில் தோட்டத்தில் உலவிவந்து அமர்ந்தவர், அமர்ந்தபடியே அடங்கினார். இறுதிநாள்வரை தம் கால்களாலேயே நடந்தார் என்பதே எங்கள் ஆறுதல்.

மருத்துவ அம்மையாருக்கும், செம்மேட்டில் அவருக்கு அன்னமிட்ட அம்மையாருக்கும், துயரில் தோள்கொடுத்த மலையூர் நண்பர்களுக்கும், சுற்றத்தார்க்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது. அண்ணியார்க்கு நன்றி கூற எனக்குச் சொல் அமையவில்லை. அவர் இன்றும் அந்தியிலேயே, தனியே உண்கிறார். “இனி எங்களோட உண்ணலாமல்லம்மா?” என மகன் அண்மையில் கேட்டான்.

“பொழுது சாஞ்சாப் பசிக்குதே, சாமி. அவரு போனது வவுத்துக்குத் தெரியல” என்றார்.